உங்க பக்கம் எலி வருதா?

கடைத்தெருவில் அவருக்குப் பூட்டு என்று பெயர். அவருடைய தம்பிக்கு ரேடியோ. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ்களில் பத்திரமாக இருக்கின்றன. வேறு எங்கும் அவற்றுக்கு வேலை இருந்ததில்லை.

பட்டன், ஜிப், நூல்கண்டு, லைனிங் துணி என்று தையல்காரர்களுக்கு வேண்டிய சாமான் விற்கிற கடை. கல்லாவில் பூட்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு முன்னால் ரேடியோ நின்றிருப்பான். வருகிற ஆளிடம் விலையைத் தவிர மீதி எல்லாவற்றையும் அவன் பேசுவான். போட்டிருக்கிற சட்டைக்குக் காலர் வைத்தவன் யார், மகனுக்கு எப்போது கல்யாணம், போன தடவை வந்தபோது இருந்த தொப்பையை எங்கே விட்டுவிட்டு வந்தார் என்று கேட்டுக் கேட்டே ஆளை இளக்கிவிடுவான். ஆள் சிரித்து முடித்து, "சரி, கடைசி விலை சொல்லுங்க" என்று கல்லாப் பக்கம் திரும்புவார். அங்கே பூட்டு தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை வராது. பசியைக்கூடக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்கிற மனிதன், பதில் வராத கேள்வியைப் பொறுத்துக்கொள்ள மாட்டான். ஆள் தானாகவே ஒரு விலை சொல்வார். நகம் இன்னும் பார்த்து முடிந்திருக்காது. கொஞ்சம் ஏற்றிச் சொல்வார். இரண்டாவது கையின் நகங்கள் ஆரம்பமாகும். இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். அப்போது பூட்டு நிமிர்ந்து, சொத்தையே எழுதிக் கொடுப்பவர் மாதிரி ஒரு தடவை தலையாட்டுவார்.

அவர்கள் அப்பா சொல்லிக்கொடுத்த வித்தை அது. பேரத்தில் யார் முதலில் வாயைத் திறக்கிறானோ அவன் இறங்கிப் போனவன் என்பது அந்தக் கடையின் சட்டம். ரேடியோவுக்கு மட்டும் அதில் விலக்கு. பூட்டு அந்தச் சட்டத்தைக் கடையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் அதே சட்டம்தான். "உப்பு பத்தலையா?" என்று மனைவி கேட்கும்வரை அவர் உப்பைப் பற்றிப் பேசியதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பெரிய தையற்கடைக்காரர் ஒருவர், பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு லைனிங் துணி தேடி வந்தார். கிடங்கில் நீல சாட்டின் மலை மாதிரிக் கிடந்தது. தண்ணீர் பட்டால் சாயம் விடுகிற சரக்கு. பூட்டு நகத்தைப் பார்க்கத் தொடங்கினார். ஆள் விலையில் இரண்டு படி ஏறி வந்து, மூன்றாவது படிக்குக் காலைத் தூக்கிய நேரத்தில் ரேடியோ வாயைத் திறந்தான்.

"சார், இது சாயம் போகும். பிள்ளைங்களுக்கு வேர்த்தா சட்டையெல்லாம் நீலமாயிடும். இதை வாங்காதீங்க."

ஆள் நன்றி சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தார்.

அன்றைக்குத் தெருவே பார்க்கப் பூட்டு திறந்துகொண்டது. வருஷக்கணக்காக உள்ளே சேர்த்து வைத்தவர் திறந்தால் என்ன ஆகும்? எதிர்க்கடைக்காரன் கல்லாவை விட்டு வெளியே வந்து நின்று கேட்டான். கடைசியாக அவர் சொன்னது இதுதான்: "இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது."

"சரிண்ணே" என்றான் ரேடியோ. அவன் அதுவரை பேசியதிலேயே மிகச் சின்னப் பேச்சு அது.

ரேடியோ தன் பங்குச் சரக்கை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் கடை போட்டான். வீட்டின் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர் எழும்பியது. அவசரத்தில் எழுப்பிய சுவர். கூடத்து மின்விசிறி தம்பி பக்கம் போயிற்று, அதன் சுவிட்ச் அண்ணன் பக்கம் நின்றுவிட்டது. மின்சாரக்காரர் வந்து மாற்றும்வரை தம்பி வீட்டில் காற்று வருவதும் போவதும் அண்ணனுடைய மனநிலையைப் பொறுத்திருந்தது. சமையலறையும் பாதியானது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. குழாய் விரல் பருமன், துளை கைமுட்டி பருமன். "சுத்திப் பூசணும்னா ரெண்டு பக்கமும் நின்னு பூசணும். அந்த வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க முதலாளி" என்றார் கொத்தனார். யாரும் சொல்லப் போகவில்லை. அந்த வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. துளை அப்படியே இருந்தது.

அந்தத் துளை வழியாக ரேடியோ வந்துகொண்டிருந்தான். காலையில் செய்தித்தாளோடு சண்டை போடுவான். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பாட்டு என்று அவனாக நினைத்துக்கொண்டதை இழுப்பான். பெண்டாட்டி ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பான். காதில் விழக் கூடாத குரல் தினமும் விழுந்தது. பூட்டு பல் தேய்க்கிற இடத்தைக் குளியலறையிலிருந்து சமையலறைத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டார். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். மனைவி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏழு மாதங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் ரேடியோ கடைக்கு வந்தான். கல்லாவுக்கு முன்னால், அவன் எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றான். இளைத்திருந்தான். கழுத்தில் ஒரு கைக்குட்டையைச் சுற்றியிருந்தான்.

"அண்ணே" என்றான். குரல் கட்டிப்போய், மரத்தின் மேல் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி வந்தது. புதுக் கடையில் கத்திக் கத்தி விற்கிறான் போலிருக்கிறது என்று பூட்டு நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பக்கம் எலி வருதா?" என்றான்.

பூட்டுக்கு உள்ளே மத்தாப்பு கொளுத்தின மாதிரி இருந்தது. வந்துவிட்டான். மூன்று வருஷத்துக்கு மேல் பிடி கொடுக்காமல் இருந்தவன் முதலில் வாயைத் திறந்துவிட்டான். எலி என்பது சும்மா, தொப்பை எங்கே போயிற்று என்று கேட்கிற மாதிரி. அசல் பேச்சு பின்னால் வரும். இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் எல்லாம் கெட்டுவிடும். அவர் நகத்தைப் பார்த்தார்.

ரேடியோ நின்றான். வந்த ஒருத்தருக்கு மூன்று வகைப் பட்டன் எடுத்துக் காட்டுகிற நேரம் நின்றான். எச்சிலை விழுங்கினான், விழுங்கியபோது முகம் கோணியது. இரண்டாவது கையின் நகங்களுக்குப் பூட்டு போய்ச் சேர்ந்தபோது, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

பாதி வந்துவிட்டான், மீதி அடுத்த தடவை என்று பூட்டு கணக்குப் போட்டார். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லாததே அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த தடவை வரவில்லை. மறுநாளே தம்பி வீடு பூட்டிக் கிடந்தது. உல்லாசப் பயணம் போயிருப்பான் என்று மனைவியிடம் சொன்னார். கடைத்தெருவில் அவரிடம் ரேடியோவைப் பற்றிப் பேச யாருக்கும் துணிவில்லை. துணிந்த ஒன்றிரண்டு பேரும் நகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார்கள். மனைவிக்கு அந்த மாதம் பார்த்துத் தீராத பல்வலி. பல் வைத்தியரிடம் நாலு தடவை போய்வந்தாள். ஒரு பல்லும் குறையவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த வீட்டில் மறுபடி விளக்கு எரிந்தது. பாத்திரம் உருண்டது, நாற்காலி நகர்ந்தது. குரல் மட்டும் இல்லை. செய்தித்தாளோடு சண்டை இல்லை, பாட்டு இல்லை. பல் தேய்த்துக்கொண்டே பூட்டு காதைத் தீட்டினார். ஒன்றுமில்லை. அட, என்று நினைத்தார். நம்முடைய வித்தையை நம்மிடமே காட்டுகிறான். காட்டட்டும், யார் மூச்சு நீளம் என்று பார்த்துவிடலாம். அவருக்குக் கொஞ்சம் கோபமும், இவனுக்கு இவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் மரியாதையும் சேர்ந்தே வந்தன.

குரல் வராத அந்தத் துளை வழியாக எலி வர ஆரம்பித்தது.

முதலில் சோப்பைத் தின்றது. பிறகு ரொட்டி உறையை. பிறகு அவர் செருப்பின் வாரை, அதுவும் இடது காலுக்கு மட்டும். எலிப்பொறி விற்பவனிடம் அவர் அரை மணி நேரம் மௌனமாக நிற்க, அவன் தானாக இறங்கி இறங்கி, கடைசியில் பொறியோடு ஒரு ஒட்டு அட்டையையும் இலவசமாகத் தந்து அனுப்பினான். ஒட்டு அட்டையில் முதலில் மாட்டியது பூட்டின் வலது கால். மனைவி சிரிக்கவில்லை; சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு முதுகில் தெரிந்தது.

பொறியில் ரொட்டித் துண்டு வைத்தார். காலையில் ஒரு எலி உள்ளே உட்கார்ந்து, கடன் கேட்க வந்த உறவினர் மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கொல்ல மனம் வரவில்லை. கொல்லைப்புறம் போனார். அங்கேயும் அதே சுவர், இடுப்புயரம். பொறியை அந்தப் பக்கம் நீட்டிக் கதவைத் திறந்துவிட்டார். எலி தம்பி வீட்டுக் கொல்லையில் குதித்து ஓடியது. அங்கிருந்து வந்தது அங்கேயே போகட்டும். இதில் என்ன தப்பு?

நாலைந்து நாளில் இது வழக்கமாகிவிட்டது. காலையில் பல் தேய்ப்பது, காதைத் தீட்டுவது, எலியை அந்தப் பக்கம் அனுப்புவது, கடை திறப்பது.

"எதுக்குங்க இது? கூப்பிட்டுத்தான் பேசுங்களேன்" என்றாள் மனைவி.

"யாரை? எலியையா?"

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. அவர் உங்க தம்பிதானே?"

"அவன் வாய்ல என்ன கொழுக்கட்டையா? வந்து பேசச் சொல்லு."

அவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று பூட்டு பார்க்கவில்லை.

பதினொரு எலிகள் போன பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். குழாயைச் சுற்றிய துளையில் பழைய துணிச் சுருள் ஒன்று அடைத்திருந்தது. எடுத்தும் செருகியும் வழவழப்பான துணி. ஓரத்தை எலி கடித்துச் சல்லடையாக்கியிருந்தது.

"இதை யார் வச்சது?"

"நான்தான். எலி வரக் கூடாதுன்னு."

"துணியை வச்சா எலி நிக்குமா? அதுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்திருக்க. இன்னிக்கே கொத்தனாரை வரச் சொல்றேன். கண்ணாடித்தூள் போட்டு சிமென்ட் பூசினாத்தான் அடங்கும்."

"வேண்டாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. எலிக்காக ஒரு பெண் அழுது அவர் பார்த்ததில்லை.

கொத்தனார் வந்தார், சுவர் எழுப்பிய அதே ஆள். தலை நரைத்திருந்தது, பேச்சு நரைக்கவில்லை. தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முதலாளி, இந்த எலிங்க உங்களைவிட விவரம். தீனிக்கு எந்த வீடு, குடித்தனத்துக்கு எந்த வீடுன்னு பார்த்து வச்சிருக்கு" என்றார்.

"எது எங்க?"

"தீனி உங்க பக்கந்தான். அந்தப் பக்கம் அடுப்பு சரியா எரியறதில்ல போல, இல்லன்னா இத்தனை எலி இங்க வராது. குட்டி போட்டிருக்கறதும் இங்கதான். இந்த அலமாரிக்கு அடியில. பலகையைத் தூக்கட்டுமா?"

தூக்கினார். இரண்டு எலிகள் கொத்தனாரின் காலுக்கு இடையில் பாய்ந்து துளைக்குள் புகுந்தன. குட்டிகள் ஏற்கெனவே வளர்ந்து குடிபெயர்ந்துவிட்டிருந்தன. கூடு மட்டும் இருந்தது, ஒரு பெரிய கிண்ணம் அளவுக்கு. கொத்தனார் அதைச் சட்டியில் அள்ளி வெளிச்சத்தில் வைத்தார்.

பூட்டு முதலில் பார்த்தது நீலத்தை. நீல சாட்டின் இழைகள். எத்தனை கிழிந்திருந்தாலும் அவர் விரலுக்கு அந்தத் துணி தெரியும். சாயம் போகிற சரக்கில் தம்பி பங்குக்குப் போனது. அதோடு மருத்துவமனையில் கட்டுப்போடுகிற வெள்ளை வலைத்துணி, பஞ்சு, மாத்திரை அட்டையின் பளபளப்புத் துண்டுகள். மீதியெல்லாம் காகிதம். கோடு போட்ட சின்ன நோட்டுப் புத்தகத்தின் தாள்கள், விரல் அகலத்துக்குக் கடிபட்டவை. எல்லாவற்றிலும் பென்சில் எழுத்து. வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு போகிற எழுத்து. பேசுகிற வேகத்திலேயே எழுதுகிற ஆள் அவருக்கு ஒருவனைத்தான் தெரியும்.

ஒன்றை எடுத்தார். *தண்ணி போதும்.*

இன்னொன்று. *வலிக்கல. நீ தூங்கு.*

இன்னொன்றில் பாதியை எலி தின்றிருந்தது. *ஃபேனைக் கொஞ்சம்...*

கணக்குப் போடுகிற மூளை இதைப் போட மறுத்தது. பக்கத்து அறையில் இருக்கிற பெண்டாட்டிக்கு எவனாவது தண்ணி போதும் என்று எழுதிக் கொடுப்பானா? கை தானாகத் துழாவியது.

*அண்ணன் கடைக்குக் கிளம்பியாச்சா.*

*இன்னிக்கு அண்ணன் ரொம்ப இருமறான். அண்ணிகிட்ட சொல்லு.*

*எதாவது கேட்டானா.*

கேள்விக்குறி வைக்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. பேசும்போது குரலே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

"என்ன இது?" என்று அவர் மனைவியைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு நகத்தைப் பார்க்கவில்லை.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொத்தனார் சாந்து குழைக்கக் கொல்லைப்புறம் நகர்ந்தார்.

"தொண்டையில கட்டிங்க. கெட்ட கட்டி. குரல்வளையை எடுத்தாத்தான் ஆள் பிழைப்பார்னுட்டாங்க. எடுத்துட்டாங்க."

"எப்போ?"

"நீங்க உல்லாசப் பயணம்னு சொன்னீங்களே, அப்போ."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் துளையைக் கண்ணால் காட்டினாள். நீங்கள் கடைக்குப் போனபிறகு துணியை எடுத்துவிட்டு நானும் உங்கள் தம்பி பெண்டாட்டியும் பேசுவோம், சுவர் எழும்பிய மறுநாளிலிருந்தே பேசுகிறோம் என்றாள். அவள் ஓரகத்தி அந்தப் பக்கம் குனிந்திருப்பாள், இவள் இந்தப் பக்கம். ஊர் உலகம் பார்க்கப் போய்வந்தால் இரண்டு ஆண்களுக்கும் கௌரவம் குறைந்துவிடுமே. அதனால் தொட்டிக்கு அடியில்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டார். பரிதாபப்பட்டு வர்ற அண்ணன் வேண்டாமாம். தானா வரட்டும்னார்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரும் உங்க அப்பா பிள்ளைதானே."

பூட்டு சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கா?" என்றாள். "அதுக்கு மறுநாள்தான் ஆபரேஷன். குரல் இருக்கறப்பவே அண்ணன்கிட்ட ஒரு தடவை பேசிட்டு வந்துடறேன்னு போனாராம். என்ன பேசினாருன்னு அவகிட்டகூடச் சொல்லலியாம். நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் எதுவும் சொல்லவில்லை, அன்றைக்கும் இப்போதும்.

செருப்பைப் போட்டுக்கொண்டார், இடது வார் அறுந்தபடியே. தம்பி வீட்டு வாசல் பக்கத்துச் சந்தில் இருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு போக முப்பது அடி இருக்கும். நான்கு வருஷமாக அவர் அந்தச் சந்தில் திரும்பியதில்லை. கதவு திறந்தே இருந்தது. தம்பி பெண்டாட்டி அவரைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரேடியோ சமையலறையில் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அங்கே எதற்கு நாற்காலி என்று பூட்டு கேட்கவேண்டியிருக்கவில்லை. அங்கிருந்து அவருடைய இருமல் கேட்கும். அவன் கழுத்தில், மூச்சு விடப் போட்ட துளையை மூடி, நீல சாட்டினில் தைத்த சின்ன விரிப்பு ஒன்று தொங்கியது. மூச்சு விடும்போது அது லேசாகத் தூக்கி அடங்கியது. மடியில் நோட்டுப் புத்தகம்.

பூட்டு கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளர் மாதிரி நின்றார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேச்சை ஆரம்பிக்கிற வேலையை வாழ்நாள் முழுவதும் இவனிடம்தான் விட்டிருந்தார்.

"வருதுடா" என்றார். "எங்க பக்கம் எலி வருது."

ரேடியோ அவரை நிமிர்ந்து பார்த்தான். ஏழு மாதம் தாமதமாக வந்த பதில் எந்தக் கேள்விக்கு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் எழுதவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த மௌனத்தைப் பூட்டால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார். அவன் பார்த்தான். "அந்த நீலத் துணி விஷயத்துல நீ சொன்னதுதான் சரி. எனக்கு அன்னிக்கே தெரியும்." விரிப்பு தூக்கி அடங்கியது. "சுவரை வேணும்னா இடிச்சிடலாம். கொத்தனார் இருக்கார். இன்னிக்கே." பதில் இல்லை. "வைத்தியம் நான் பார்த்துக்கறேன். எந்த ஊர்னாலும் சரி." பதில் இல்லை. "நான் தெருவுல வச்சு உன்னைச் சொன்னதை... நான் அப்படி நினைச்சுச் சொல்லலடா. உன் குரல் கேக்கத்தான் நான் அங்க தொட்டிகிட்ட வந்து பல் தேய்ப்பேன்."

படிப்படியாக ஏறிக்கொண்டே போனார். ஏற ஏற, முப்பது வருஷம் கல்லாவுக்கு முன்னால் நின்று, தானே கேட்டுத் தானே ஏற்றிச் சொன்ன அத்தனை பேரும் எப்படித் தவித்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் அவர்களிடம் அவர் வேண்டுமென்று வாயை மூடியிருந்தார். இவன் வேண்டுமென்று மூடவில்லை.

ரேடியோ பென்சிலை எடுத்தான். எழுதித் திருப்பிக் காட்டினான்.

*எத்தனை எலி விட்ட.*

"பதினொண்ணு" என்றார் பூட்டு, தலையைக் குனிந்துகொண்டு.

*நாலைத் திருப்பி அனுப்பிட்டேன். துளை வழியா. நீ புதுசுன்னு நினைச்சியா.*

பூட்டுக்குச் சிரிப்பு வந்தது. ரேடியோவும் சிரித்தான், தோள் குலுங்கியது, கண் சுருங்கியது, வாய் திறந்தது. சத்தம் மட்டும் இல்லை. கழுத்து விரிப்பு படபடவென்று அடித்துக்கொண்டது. தெருவின் மறுமுனை வரை கேட்கிற சிரிப்பு அவனுடையது. பூட்டின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நாளைக்குக் கடைக்கு வந்துடு" என்றார் அவசரமாக. "உன் இடத்துல வந்து நில்லு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ரேடியோ நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு எழுதினான். இந்தத் தடவை எழுத்து முட்டிக்கொள்ளவில்லை, ஒவ்வொன்றாக நின்றது.

*ஒரு கடையில பேசாம இருக்க ரெண்டு பேர் எதுக்குண்ணே.*

பூட்டு அதைப் படித்தார். மறுபடி படித்தார். அதற்கு ஏற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார், தொப்பை எங்கே என்று கேட்கிற குரலை. உப்புத்தாள் தேய்க்கிற குரல்தான் வந்தது. அதுதான் கடைசியாகக் கேட்டது. அதற்கு முந்தையது எதுவும் வர மறுத்தது.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது அவருடைய வீட்டிலிருந்து, கொத்தனார் துளை வழியாகக் குரல் கொடுத்தார்.

"முதலாளி, இங்க பூசியாச்சுன்னா அங்கயும் வந்து பூசிடறேன். சாந்து இறுகுது. அடைக்கட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

பூட்டு தம்பியைப் பார்த்தார். ரேடியோவின் உதடுகள் அசைந்தன. ஏதோ சொன்னான், சின்னதாக ஒன்று. அவன் பெண்டாட்டியாக இருந்தால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பாள். பூட்டு அவன் முகத்தைப் பார்த்துப் பழகியதில்லை. பழகிய நாட்களில் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா சொன்னே?" என்று கேட்டார். "இன்னொரு தடவை சொல்லு."

ரேடியோ நோட்டைப் புரட்டி, புதுப் பக்கத்தில் பென்சிலை வைத்து அழுத்தினான். முனை உடைந்தது. சட்டைப்பையைத் தடவி, ஒரு சின்ன ஷார்ப்பனரை எடுத்துச் சீவ ஆரம்பித்தான். சுருள் சுருளாக மடியில் விழுந்தது.

"முதலாளி" என்றது துளை.

"இரு" என்றார் பூட்டு. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் சீவி முடிக்கக் காத்திருந்தார்.